கூரா, தபஸா?

இஸ்ஃபஹான்
பஹ்மன் 4, 1372

சகலை ஷாபூருக்கு,

கெராமத் எழுதுவது. நலம். நலமறிய ஆவல் என்று எழுதச் சொல்லி எஃபத் பக்கத்திலேயே நிற்கிறாள். எழுதிவிட்டேன்.

இது நானாக எழுதும் கடிதம் அல்ல. நேற்று இரவு சாப்பிட உட்கார்ந்தால், தட்டில் சோற்றுக்குப் பதில் வெள்ளைத் தாளும் பேனாவும் இருந்தன. இந்த நவ்ரூஸ் புத்தாண்டு விடுமுறையைப் பாலைவனத்தில் ஒன்றாகக் கழிப்பது என்று அக்காளும் தங்கையும் தங்களுக்குள் எழுதி முடிவு செய்துவிட்டார்களாம். எந்த ஊர், எவ்வளவு செலவு என்பதை மட்டும் கணவன்மார்கள் பேசித் தீர்க்க வேண்டுமாம். டெலிபோன் நிலையத்துக்குப் போய் உன்னோடு பேசலாம்தான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய நிமிடமெல்லாம் நீ "என்ன? என்ன?" என்றே கழிப்பாய். உன் காது எப்படிப்பட்டது என்பதை நான் உப்பு ஏரியிலேயே பார்த்துவிட்டேன்.

அதை மறுபடி கிளற எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் கணக்கு நேராக இருக்க வேண்டும். முந்தின நவ்ரூஸில் என் காரை நீ ஓட்டினாய். நான் இறங்கி முன்னால் நடந்து, தரை ஈரமாக இருப்பதைக் கண்டு, கை இரண்டையும் தூக்கி "நரோ" என்றேன். போகாதே என்று பச்சைக் குழந்தைக்கும் புரியும். நீயோ "பொரோ", அதாவது போ, என்று கேட்டதாகச் சொல்லி வண்டியை அச்சு வரை உப்புச் சேற்றில் இறக்கினாய். டிராக்டர்காரன் நம் பயணப் பணம் முழுவதையும் வாங்கிக்கொண்டுதான் கயிறு கட்டினான். நான் மறந்துவிட்டேன். நீயும் மறந்துவிடு.

நான் சொல்லும் ஊர் கூர். பேரீச்ச மரம் உண்டு, வசந்தத்தில் குளிரும் இல்லை வெயிலும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, விடுமுறையில் அங்குள்ள பள்ளிக்கூடத்தை என்னைப் போன்ற வெளியூர் ஆசிரியர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். ஒரு வகுப்பறைக்கு ஒரு கிலோ வெங்காய விலைதான். பெஞ்சுகளை ஓரம் தள்ளினால் இரண்டு குடும்பம் தாராளமாகப் படுக்கலாம். ஷாதாத் போகலாமா என்று உன் மனைவி பர்வானே அக்காளுக்கு எழுதிக் கேட்டிருந்தாளாம். அழகான இடம்தான், ஆனால் உனக்கும் தூரம், எனக்கும் தூரம். விட்டுவிடுவோம்.

எங்கள் கார் தற்சமயம் பட்டறையில் இருக்கிறது. நாங்கள் பஸ்ஸில் வந்தாலும் வருவோம்.

கெராமத்


மஷ்ஹத்
பஹ்மன் 17

மதிப்பிற்குரிய கெராமத் கான்,

உங்கள் கடிதத்தைப் பர்வானே மூன்று தடவை சத்தமாகப் படித்தாள். மூன்றாவது தடவை "சோற்றுக்குப் பதில் தாளும் பேனாவும்" என்ற இடத்தில் சிரித்துச் சிரித்துக் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்து வெகு நாளாயிற்று. அதற்காகவே உங்களுக்கு நன்றி.

இனி உப்பு ஏரி. நீங்கள் மறந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு பக்கம் முழுக்க எழுதி மறந்திருக்கிறீர்கள். நானும் அப்படியே மறக்கிறேன்: நீங்கள் சொன்னது "பொரோ". கையை வேறு தூக்கினீர்கள். கையைத் தூக்கினால் எங்கள் ஊரில் வா என்று அர்த்தம், போலீஸ்காரனைத் தவிர. என் இரண்டு காதும் நன்றாக இருக்கின்றன. பல்செட் கட்டுகிறவனுக்குக் காதும் வேண்டும். பல்லைத் தட்டிப் பார்த்துத்தான் பொருந்தியதா என்று தெரிந்துகொள்வோம்.

கூர் வேண்டாம். பத்து மாதம் கரும்பலகை முன்னால் நிற்கிற மனிதர் விடுமுறையிலும் கரும்பலகைக்கு அடியில் படுக்க ஆசைப்படுகிறார் என்றால், இஸ்ஃபஹான்காரர் கஞ்சர் என்று ஊர் சொல்வது பொய்யில்லை. தபஸுக்கு வாருங்கள். புத்தாண்டு பிறக்கும் ஃபர்வர்தின் மாதத்தில் ஆரஞ்சு பூத்திருக்கும். பாலைவனத்து நடுவில் வீதி முழுக்க அந்த வாசனை. செலவும் இல்லை. அங்கே ஹாஜி சஃப்தர் என்று ஒரு பேரீச்சந்தோட்டக்காரர் இருக்கிறார். போன வருஷம் மஷ்ஹதுக்கு வந்து என்னிடம் மேலும் கீழும் பல் கட்டிக்கொண்டு போனார். எப்போது வந்தாலும் மாடி அறை உனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். வாடகையும் இல்லை, வெங்காயமும் இல்லை.

அதோடு பர்வானேக்கு நெடுந்தூரம் குலுங்கக் கூடாது என்று டாக்டர், அதாவது மெக்கானிக், சொல்லியிருக்கிறார். எங்கள் கார் ஸ்பிரிங் அப்படி. தபஸ் வரை தாங்கும். கூர் வரை தாங்காது.

எஃபத் கானூம் வரும்போது கொஞ்சம் புளிப்புப் பிளம் தோல் கொண்டுவர முடியுமா என்று பர்வானே கேட்கிறாள். இங்கே கிடைப்பது போதவில்லை. காலை, மாலை, நடு இரவு, எல்லா நேரமும் அதுதான்.

உங்கள்
ஷாபூர்


இஸ்ஃபஹான்
இஸ்ஃபந்த் 1

ஷாபூர்,

பிளம் தோல் அரைக் கிலோ வாங்கியாயிற்று. மெக்கானிக்குக்கு என் வணக்கம்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வந்த அன்று எஃபத் என்னைக் கண்ணாடி முன் நிறுத்தி இரண்டு சொல்லையும் சொல்லச் சொன்னாள். பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு "நரோ" என்றேன். தெளிவாக வந்தது. நீ கட்டிக் கொடுத்த மேல்செட்டைப் போட்டுக்கொண்டு சொன்னேன். "ந" சொல்ல நாக்கு மேலே போனதும் செட் கீழே இறங்கியது. அதைப் பிடிக்க உதட்டை மூடினேன். வெளியே வந்தது "பொரோ". நான்கு தடவை சொன்னேன், நான்கும் பொரோ. எஃபத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆகவே நீ கேட்டது சரிதான். ஆனால் நான் சொன்னதும் சரி. தவறு செய்தது பல். பல்லைக் கட்டியவன் நீ. டிராக்டர் பணம் யார் கணக்கில் சேரும் என்பதை உன் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

அது போகட்டும். தபஸ் முடியாது. கூர் பள்ளிக்கு எழுதி என் பெயரில் அறை பதிவு செய்துவிட்டேன். ஃபர்வர்தின் 2 முதல் ஐந்து நாள். கூருக்கு இங்கிருந்து நேர் பஸ் உண்டு, பகலிலேயே போய்ச் சேரலாம். தபஸுக்கு என்றால் யஸ்த் வழியாகச் சுற்றி, இரவெல்லாம் உட்கார்ந்து, மாற்றி ஏறி இறங்க வேண்டும். எஃபத்தால் இப்போது படி ஏற முடியாது. அதாவது ஹாஜியின் மாடி அறையை அவள் விரும்பமாட்டாள். அவளுக்கு எப்போதுமே மாடி பிடிக்காது.

கார் இன்னும் பட்டறையில்தான்.

கெராமத்


மஷ்ஹத்
இஸ்ஃபந்த் 12

கெராமத் கான்,

மாடி பிடிக்காதாம். என் கல்யாணத்தன்று மொட்டை மாடியில் ஏறி ஊரே பார்க்க ஆடியது யார் என்று எஃபத் கானூமைக் கேளுங்கள்.

அந்த மேல்செட்டை இரண்டு வாரம் போட்டுவிட்டு வாருங்கள், இறுக்கித் தருகிறேன் என்று நான் சொன்னேன். பஸ் காசு பார்த்து நீங்கள் வரவில்லை. தளர்ந்த பல்லை வருஷக்கணக்கில் வாயில் வைத்திருந்தது யார் குற்றம்?

ஒரு மாதத்துக்கு மேலாக எந்தப் பட்டறையில் ஒரு கார் நிற்கும்? புதிதாகச் செய்தாலே அதற்குள் செய்துவிடலாம். செலவுக்குப் பயந்து வண்டியை எடுக்காமல் இருக்கிறீர்கள், அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. நான் வெளிப்படையாகக் கேட்கிறேன்: கொஞ்ச தூரம் கூட வர உங்களுக்கு என்ன கேடு? பர்வானே ஒரே ஒரு விஷயம் கேட்டாள். ஆரஞ்சு பூத்திருக்கும்போது அக்காவோடு அந்த மரத்தடியில் உட்கார வேண்டும் என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது கம்மி. எனக்கும் இந்த ஒரு தடவை "முடியாது" என்று சொல்ல வாய் வரவில்லை.

தபஸ் என்றால் வருகிறோம். இல்லையென்றால் அவரவர் வீட்டில் அவரவர் நவ்ரூஸுக்கு வளர்த்த பச்சை முளைப்பாரியைப் பார்த்துக்கொண்டு உட்காருவோம்.

ஷாபூர்


இஸ்ஃபஹான்
இஸ்ஃபந்த் 23

ஷாபூருக்கு,

சரி. தபஸ். யஸ்த் வழியாகவே வருகிறோம். ஃபர்வர்தின் 2 மாலை ஹாஜி சஃப்தர் வீட்டில் சந்திப்போம். உன் கடைசிக் கடிதத்தை நான் ஒளித்துவைத்தேன். எஃபத் கண்டுபிடித்துப் படித்தாள். ஆரஞ்சு மரத்தடி என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பேசியிருந்தால் நான் வாதாடியிருப்பேன்.

கெராமத்


மஷ்ஹத்
இஸ்ஃபந்த் 23

கெராமத் கான்,

போன கடிதத்தை மன்னியுங்கள். பர்வானேக்குத் தெரியாமல் தபாலில் போட்டேன், நேற்று மாலை அவளிடம் உளறிவிட்டேன். "பூவையா பாக்கப் போறேன்? அக்காவைத்தானே பாக்கணும்" என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். ஆகவே கூருக்கே வருகிறோம். மெதுவாக, மூன்று நாள் எடுத்துக்கொண்டு. ஃபர்வர்தின் 2 அன்று உங்கள் கரும்பலகைக்கு அடியில் இருப்போம்.

ஷாபூர்


தபஸ், ஹாஜி சஃப்தர் வீடு
ஃபர்வர்தின் 3, 1373

ஷாபூர்,

நீ இங்கே இல்லை. நேற்று மாலையிலிருந்து காத்திருந்தோம். எஃபத் காலையில் எழுந்ததும் சொல்லிவிட்டாள்: "பர்வானே நமக்காக கூருக்குப் போயிருப்பா. எனக்கு அவளைத் தெரியும்." இந்தக் கடிதத்தை கூர் வழியாகப் போகும் லாரிக்காரரிடம் கொடுக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறார்.

நடந்ததைச் சொல்ல வேண்டும். ஹாஜிக்குக் கண் மங்கல். கதவைத் திறந்து, "மஷ்ஹத் ஆளா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் கட்டிப்பிடித்து, "பல்காரத் தம்பி வந்துட்டான்" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். நான் ஷாபூர் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விடுதி தேட வேண்டும். எஃபத்துக்காகக் கீழே கூடத்திலேயே படுக்கை போட்டார்கள்.

ஆனால் வாடகையை நான் வேறு விதமாகக் கொடுத்தேன். சாப்பாடு முடிந்ததும் ஹாஜி கீழ்செட்டைக் கழற்றித் தேநீர்த் தட்டில் வைத்து, அது கடகடவென்று அடிக்கிறது என்று ஆரம்பித்தார். தொழுகையில் அடிக்கிறதாம். மகனைத் திட்டும்போது அடிக்கிறதாம், அவன் சிரிக்கிறானாம். ஒரு மணி நேரம். நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்காக வாதாடினேன். ஈறு சுருங்கும் ஹாஜி, செட் சுருங்காது, அதில் பல்காரன் தப்பு என்ன இருக்கிறது என்றேன். இரண்டு வாரத்தில் வந்து இறுக்கிக்கொள்ள வேண்டும், நீங்கள்தான் வரவில்லை என்றேன். சொன்ன பிறகுதான், அதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன் என்று உறைத்தது. எஃபத் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

ஆரஞ்சு பூத்திருக்கிறது. நீ சொன்னது பொய்யில்லை. எஃபத் ஒரு கொத்து பறித்து ஈரத் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள்.

அங்கேயே இருங்கள். நாளைக் காலை பஸ்ஸில் வருகிறோம்.

கெராமத்


கூர், பள்ளிக்கூடம், நான்காம் வகுப்பு
ஃபர்வர்தின் 3

கெராமத் கான்,

நீங்கள் வரவில்லை என்றதும், கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். பர்வானேதான் "அக்கா தபஸ்ல இருப்பா" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தபஸைத் தாண்டித்தான் வந்தோம். ஹாஜி கண்ணில் பட்டால் பல்லைக் கழற்றிக் காட்டுவார் என்று ஊருக்குள் நுழையாமல் தப்பித்து வந்தேன்.

இங்கே அறை உங்கள் பெயரில். ஆசிரியர் அல்லாதவருக்குக் கிடையாது என்று எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். பர்வானே அப்போது நின்றுகொண்டே தூங்கும் நிலையில் இருந்தாள். ஆகவே கேட்ட இடத்தில் கெராமத் என்று கையெழுத்துப் போட்டேன். தலைமை ஆசிரியருக்கு ஒரே மகிழ்ச்சி. "இஸ்ஃபஹான் புவியியல் வாத்தியார் வந்திருக்கார்" என்று மற்ற அறைகளில் தங்கியிருந்த வாத்தியார்களையெல்லாம் கூட்டி, சுவரில் பெரிய வரைபடத்தை மாட்டி, பாலைவனம் எப்படி உண்டாயிற்று என்று நாலு வார்த்தை பேசச் சொன்னார். கையில் குச்சியைக் கொடுத்தார். கெராமத் கான், பல்லைத் தட்டிப் பார்க்கும் குச்சி என்றால் எனக்குத் தெரியும். இந்தக் குச்சி முழ நீளம்.

வேறு வழியில்லை. நாடு என்பது ஒரு தாடை, சுற்றி மலைகள் பல், நடுவில் வறண்ட நாக்குதான் பாலைவனம், உமிழ்நீர் வற்றினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று என்றேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் ஆறுகளைப் பற்றிக் கேட்டார். முறைத்துப் பார்த்தேன். நீங்கள் என்னை முறைப்பீர்களே, அதே மாதிரி. உட்கார்ந்துவிட்டார். தினமும் இதைத்தான் செய்கிறீர்களா? ஒரு நாளுக்கே என் முதுகெல்லாம் வியர்வை.

பள்ளிக்கூடத் தரையும் கெட்டதில்லை. பர்வானே சுவரில் சாய்ந்து வெகு நேரம் நன்றாகத் தூங்கினாள்.

இதை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். தபஸிலேயே இருங்கள், நகர வேண்டாம். நாளை காலை காரில் வருகிறோம்.

ஷாபூர்


இஸ்ஃபஹான்
ஃபர்வர்தின் 20

அன்புள்ள ஷாபூர்,

உன் கடிதம் கிடைத்தது. சந்திப்பைப் பற்றி நீ எழுதியிருப்பது அழகாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. நீ சாலை நடுவில் நின்று பஸ்ஸை மறித்ததாக எழுதியிருக்கிறாய். நீ மறிக்கவில்லை. கூருக்கும் தபஸுக்கும் நடுவில் அந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில் இருக்கும் தேநீர்க் கடையில் எல்லா பஸ்ஸும் நிற்கும். நீ கார் மூடியைத் திறந்துவைத்து, கொதிக்கிற ரேடியேட்டரை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாய். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

முதலில் இறங்கியவள் எஃபத். படி ஏற இறங்க என் கையைப் பிடிக்கிறவள், அன்று பிடிக்கவில்லை. பர்வானே கடை வாசலிலிருந்து எழுந்தாள். பிறகு இரண்டு பேரும் ஓடினார்கள். நான் பஸ் படியிலிருந்து "ஓடாதே" என்று கத்தினேன். நீ கார் பக்கத்திலிருந்து அதே நேரத்தில் "ஓடாதே" என்று கத்தினாய். நான் என் மனைவியை, நீ உன் மனைவியை. கத்திவிட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நீங்க ஏன் கத்துறீங்க?" என்றாய்.

"நீ ஏன்டா கத்துறே?" என்றேன். அதற்குள் அவர்கள் இடையில் இருந்த தூரம் முடிந்துவிட்டது.

எஃபத்தின் கை நேராகத் தங்கையின் வயிற்றுக்குப் போனது. "எத்தனை மாசம்டி?" என்று கேட்டாள். ஆறு என்று பர்வானே சொன்னாள். ஓட்டத்தில் எஃபத்தின் துப்பட்டா சரிந்து, கழுத்துக்குக் கீழே தையல் தழும்பு தெரிந்தது. பர்வானே அதைத் தொடாமல் அதன் பக்கத்திலேயே விரலை வைத்து நின்றாள். "குழந்தை தங்கணுமேன்னு நான் சொல்லல. நீ ஏன்க்கா சொல்லல?" என்றாள். "நீ பயந்துடுவியேன்னுதான்" என்றாள் எஃபத்.

அப்போது பார்த்து நீ கேட்டாய்: "உங்க கார் எங்க, கெராமத் கான்?"

எஃபத்தான் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "என் நெஞ்சுக்குள்ள இருக்கு, ஷாபூர். முழு வண்டியையும் வித்து, ஒரு வால்வுக் கதவு மட்டும் பொருத்தியிருக்காங்க."

நீ கையிலிருந்த விசிறியைக் கீழே போட்டாய். என்னைக் கட்டிக்கொண்டாய். உன் சட்டையெல்லாம் கரி. என் புது நவ்ரூஸ் சட்டைக்கும் அது ஒட்டிக்கொண்டது, இன்னும் போகவில்லை. ஆனால் நீ எழுதியிருப்பதுபோல் நான் அழவில்லை. ரேடியேட்டர் ஆவி கண்ணில் பட்டது.

பஸ் டிரைவர் எங்கள் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டுப் போனதும், உன் காரிலிருந்த கூடாரத்தை அங்கேயே அடித்ததும் நீ எழுதியபடி சரி. அந்த இடத்தின் பெயரை மட்டும் என்னிடமுள்ள எல்லா வரைபடத்திலும் தேடினேன், இல்லை. ஒரு தொட்டி, ஒரு கடை, அதைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ஒன்றுமில்லாத தரை. கூரில் இருந்திருந்தால் நான் பேரீச்ச மரங்களைக் காட்டிக்கொண்டிருப்பேன். தபஸில் நீ பூவைக் காட்டிக்கொண்டிருப்பாய். அங்கே காட்ட ஒன்றும் இல்லாததால் நாம் இருவரும் நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தோம், அவர்கள் இருவரும் பேசித் தீர்த்தார்கள். கடைக்காரர் தேநீருக்கு மட்டும்தான் காசு வாங்கினார். இவ்வளவு மலிவான பயணம் நான் கேள்விப்பட்டதே இல்லை.

எஃபத் நன்றாக இருக்கிறாள். அவள் ஓடியதை டாக்டரிடம் சொல்லவில்லை.

அன்புடன்
கெராமத்


மஷ்ஹத்
தீர் 19

கெராமத் கான், எஃபத் கானூம்,

பெண். முந்தாநாள் விடிகாலை. இரண்டு பேரும் நலம். பர்வானே தூங்குகிறாள். எனக்குத் தூக்கம் வரவில்லை, குழந்தை மூச்சு விடுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டது. பெரியம்மா வந்து காதில் சொன்னால்தான் பெயர், அதுவரை கிடையாது என்கிறாள் பர்வானே. ஆகவே எங்கள் வீட்டில் இப்போது பெயரில்லாத ஒரு மனுஷி இருக்கிறாள், எல்லோரையும் அதட்டிக்கொண்டு.

ஷாபூர்


இஸ்ஃபஹான்
தீர் 27

ஷாபூர்,

இந்தக் கடிதம் எங்களுக்குப் பின்னால்தான் வந்து சேரும். தெரிந்தும் எழுதுகிறேன், கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

உன் கடிதத்தைப் படித்துக்காட்ட ஆரம்பித்தேன். "பெண்" என்ற சொல்லுக்கு மேல் எஃபத் கேட்கவில்லை. டாக்டரிடம் கேட்டாயிற்று, இரண்டு இடத்தில் இறங்கிக் காலை நீட்டிக்கொண்டால் போகலாம் என்றார். பஸ்ஸில் சனிக்கிழமைக்குத்தான் இடம் கிடைத்தது. அதை உன் மனைவியின் அக்காவிடம் தெளிவாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். இப்போது மூட்டையைத் தெருவாசலில் வைத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

இன்று திங்கள்.

கெராமத்